காந்தத்தில் ஒட்டாத முனை

போன வாரம் என் பட்டறைக்கு ஒரு பையன் வந்தான். சரவணம்பட்டியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். தோளில் தொங்கிய நீள உறையிலிருந்து ஒரு கம்பியை உருவி, "அண்ணா, இதைக் கொஞ்சம் நிமிர்த்தித் தர முடியுங்களா?" என்றான். சுண்டுவிரல் கனம், கிட்டத்தட்ட என் தோள் உயரம், முனையில் மடங்கி விரிகிற கொக்கி. மீன் அடிக்கிற கம்பி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. லீவு கிடைத்தால் அந்தமானுக்குப் போய், கடலுக்குள் முங்கி அடிப்பானாம். கொஞ்ச நாளாகக் குறி வலது பக்கமாகவே தப்புகிறதாம். கம்பியை ரப்பர் விசையில் எய்கிற துப்பாக்கி மேல் சந்தேகப்பட்டு ரப்பரை மாற்றிப் பார்த்திருக்கிறான், கைப்பிடியை மாற்றிப் பார்த்திருக்கிறான். கடைசியில் தன் கண்மேலேயே சந்தேகம் வந்து கண் டாக்டரிடமும் போய்வந்துவிட்டான்.

பட்டறையில் மட்டம் பார்ப்பதற்கென்று ஓர் இரும்புப் பலகை வைத்திருக்கிறேன். அதன்மேல் கம்பியைப் போட்டு உருட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறை நடுவில், அடியில், முடி கனத்துக்கு வெளிச்சம் தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான் வளைவு. கையில் வைத்திருக்கும்போது முடி கனம், மீனிடம் போய்ச் சேரும்போது ஒரு சாண். கம்பியைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தேன். "நீங்களும் அடிப்பீங்களாண்ணா?" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் காலத்தில் கிணற்றில் ஊர்ப்பையன்கள் எல்லாரும் ஒன்றாக விழுந்து நீந்துவார்களாமே, மீன் அடிப்பார்களாமே, எவ்வளவு ஜாலியாக இருந்திருக்கும் என்றெல்லாம் பேசினான். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவன்மேல் எனக்கு என்ன கோபம்? அவன் கேள்விப்பட்டதைச் சொன்னான்.

ஆனால் அவன் போன பிறகும் கடுகடுவென்றுதான் இருந்தேன். லேத்தில் கூலன்ட் எண்ணெய் சூடாகி வரும் நெடி இருக்கிறதே, அது ஒருபக்கம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நெடிக்கும் கிணற்றுத் தண்ணீர் வாசத்துக்கும் மண்டைக்குள் எப்படியோ முடிச்சு விழுந்துவிட்டது. ஒன்று வந்தால் மற்றதும் வரும். நீங்கள் வேண்டப்பட்டவர், உங்களிடம் சொல்லலாம். அந்தக் காலம், அந்தக் காலம் என்று யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். என் அப்பா ரங்கன், ஒரு தோட்டத்தில் வருசக் கூலிக்கு இருந்தார். எங்கள் வீடே அந்தத் தோட்டத்து மூலையில், அவர்கள் மண்ணில்தான் நின்றது. தோட்டக்காரரை எங்கள் ஆட்கள் பண்ணாடி என்போம். அவர் மகன் செந்தில் என் வயதுதான், பத்தாவது வரைக்கும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவன் செந்தில். தோட்டத்தில் கால் வைத்துவிட்டால் சின்னப் பண்ணாடி. எங்கே பார்த்தாலும் நான் அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். அவன் என் அப்பாவை 'ரங்கா' என்று கூப்பிடுவான். மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான் கூப்பிட்டான். அப்பாவும் "ஏனுங்க" என்று ஓடுவார்.

கிணற்றில் எல்லாரும் ஒன்றாக நீந்தினோமா? நன்றாக நீந்தினோம்! மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வில் இலை அடைத்துக்கொண்டால் முங்கி எடுக்க நான் வேண்டும். குடம் விழுந்தால் நான் வேண்டும். ஒரு தடவை செத்த ஆட்டைக் கயிறு கட்டித் தூக்கவும் நான்தான். அந்த நேரத்திலெல்லாம் என் உடம்பு பட்டுத் தண்ணீர் கெடவில்லை. சும்மா குளிக்க இறங்கினால் மட்டும் கெட்டுவிடும். அது என்ன தண்ணீரோ, அதற்கு எப்படித்தான் தெரியுமோ.

பத்தாவது முடித்து, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிணறு எனக்குத் திறந்துவிட்டது. செந்திலுக்கு மீன் அடிக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. கல்லூரிக் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவான். அவனுக்குக் கம்பி செய்துகொடுக்க ஆள் வேண்டும், குறி தப்பிய கம்பியை முங்கி எடுக்கவும் ஆள் வேண்டும். பாசமெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் போனேன், ஏனென்றால் எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியமில்லை. லாரி டியூபை வெட்டிக் கண்ணாடி ஒட்டி ஒரு முகமூடி செய்தேன். அதைப் போட்டுக்கொண்டால் குரங்கே பயப்படும். உள்ளே தண்ணீர் ஒழுகி, பாதி நேரம் நான் மூக்கால் கிணற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். துப்பாக்கி என்பது ஒரு வேப்பங்கட்டை, அதில் கம்பி ஓட நீளமாக ஒரு காடி, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வார், ஆணியை மடக்கிய விசை. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எல்லாச் சூட்சுமமும் கம்பியில்தான்.

முதலில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைப் போட்டுப் பார்த்தேன். ரப்பர் பின்னாலிருந்து உதைத்ததும் நடுவில் வில்லாக வளைந்து, நெளிந்து நெளிந்து போய், ஒரு கை நீளத்தில் சோர்ந்து விழுந்தது. மீன் நகரக்கூட இல்லை, நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் குடைக்கம்பி. அது ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும், அதனால் தண்ணீருக்குள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மூங்கிலைச் சீவிப் போட்டேன், மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே மிதந்து வந்துவிட்டது. பட்டறைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் சுற்றுகிற கடை ஒன்று உண்டு. அங்கே கழித்துப் போட்ட ஸ்பிரிங் கம்பியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நிமிர்த்தி, முனை வைத்தேன். சாமி, அது போன போக்கு! பாறையில் மோதினாலும் அதிர்ந்து, மறுபடி நேராகிவிடும். ஒரே குறை, துருப்பிடிக்கும். அடித்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

செந்திலுக்கும் அதே கம்பியில் செய்துதருகிறேன் என்றேன். துருப்பிடிக்கிற கம்பியெல்லாம் எனக்கு வேண்டாம், பளபளவென்று ஸ்டெயின்லெஸில் வேண்டும் என்றான். அதிலும் செய்யலாம், கனமான கம்பி, புதிதில் நேராகத்தான் போகும். ஆனால் அது வளைந்தால் வளைந்ததுதான், தானாகத் திரும்பாது. சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செய்து கொடுத்தேன். முனையைத் தனியாகக் கடைந்து, மரை வெட்டி, கம்பியில் திருகி மாட்டுகிற மாதிரி செய்தேன். முனையில் ஒரு முள் வைத்தேன், உள்ளே போனால் வெளியே வராது. நான் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது, பாருங்கள் என் புத்தியை.

அந்த வருசம் மழை நன்றாகப் பிடித்து, தண்ணீர் கிணற்றுக்குள் மோட்டார் வைத்திருக்கும் திட்டுவரை ஏறியிருந்தது. அதற்குள் செந்தில் கம்பியைப் பாறையில் மோதி மோதி வளைத்திருந்தான். முழங்காலில் வைத்து நிமிர்த்துவான், அது நிமிர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். "இது கோணிப்போச்சுங்க, வலப்பக்கம் இழுக்குது, இத வெச்சு அடிக்காதீங்க" என்றேன். "எனக்குத் தெரியும்" என்று முங்கினான். நானும் முங்கினேன். ஒரு விரால், நல்ல பெரிது, மோட்டாருக்குத் தண்ணீர் உறிஞ்சும் ரப்பர் ஓஸுக்கு இடது பக்கம் அசையாமல் நின்றது. அவன் குறி மீன்மேல் சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னபடியே கம்பி வலது பக்கம் போய் ஓஸில் ஏறியது. இழுத்தான், வரவில்லை. திருகி இழுத்தான். மரை கழன்று கம்பி மட்டும் கையோடு வந்தது, முனை ஓஸிலேயே நின்றுவிட்டது.

மேலே வந்ததும் அவன் முகம் வெளுத்திருந்தது. "அப்பாகிட்டச் சொல்லிப்போடாதடா" என்றான். நான் ஏன் சொல்லப்போகிறேன். மோட்டாரும் எப்போதும் போல் ஓடியது. ஓட்டை தண்ணீருக்கு அடியில் இருந்ததால் அதன் வழியாகவும் தண்ணீரைத்தானே உறிஞ்சும்? ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கே மறந்துபோனது.

கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஓட்டை வெளியே வந்துவிட்டது. அந்த வாரம் தோட்டங்களுக்குக் கரண்ட் ராத்திரிமுறை, இருட்டிய பிறகுதான் விடுவார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லாரும் தூங்கப் போயிருக்கிறார்கள். அது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டு விடியும்வரை வெறுமனே ஓடி, சீல் எரிந்து, இறுகி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் காயிலும் கருகிப்போய்விட்டது. வாழை குலை தள்ளியிருந்த நேரம். பண்ணாடிக்கு வயிறு எரிந்திருக்கும், அதில் தப்பில்லை. மெக்கானிக் ஓஸைக் கழற்றி மேலே கொண்டுவந்து, சுவிட்ச் பெட்டி இருக்கும் மோட்டார் ரூம் வாசலில் போட்டு, முனையை நோண்டி எடுத்தார். அன்றைக்கு ஞாயிறு, நான் ஊரில் இருந்தேன். என்னையும் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனபோது பண்ணாடி நின்றிருந்தார். செந்திலும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"இந்த மாதிரி வேலையெல்லாம் உன்ற பையனுக்குத்தான ரங்கா தெரியும்" என்றார் பண்ணாடி.

அது என்னுடையது இல்லீங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். துரு ஏறி, எண்ணெய் படிந்து, கன்னங்கரேலென்று இருந்தது. மெக்கானிக்கிடம் ஒரு காந்தம் இருந்தது, உள்ளே விழுந்த நட்டு போல்ட் எடுப்பதற்காக வைத்திருப்பார். அதை வாங்கி என் கம்பியில் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. அந்த முனையில் வைத்தேன். முனை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. ஸ்டெயின்லெஸில் சில ரகம் லேசாக ஒட்டும். இது கொஞ்சமும் ஒட்டாத ரகம். மெக்கானிக்கும் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்பி ஸ்பேனர்களை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தார்.

"இது சின்னப் பண்ணாடி கேட்டாங்கன்னு நான் செஞ்சு குடுத்ததுங்க. என்ற கம்பி ஒட்டுது, இது ஒட்டலை. நீங்களே பாருங்க" என்றேன். பட்டறையில் கற்றுக்கொண்டதை வைத்து வழக்கையே ஜெயித்துவிட்ட மிதப்பு எனக்கு. அட முட்டாளே என்று அன்றைக்கு அங்கே நின்ற என்னையே இப்போது கூப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது.

செந்தில் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணாடி அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னையும் பார்க்கவில்லை. என் அப்பாவைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "என்ன ரங்கா, உன்ற பையன் என்னமோ சொல்றான்?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த மெதுவான குரலை மறக்க முடியவில்லை. அவர் காந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் வீடு யார் மண்ணில் நிற்கிறது என்று கேட்டார். அப்பாவுக்கு அது புரிந்தது.

அப்பா துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "அடிச்சுப்போட்டுப் பயத்துல ஒளர்றானுங்க. என்ற பையன்தானுங்க அடிச்சான். நீங்கதான் பெரிய மனசு பண்ணோணும்" என்றார். சொல்லிவிட்டு என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். முனை ஒட்டாமல் விழுந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். குனிந்து எடுத்து என் கையில் கொடுத்ததே அவர்தான்.

பண்ணாடி பெரிய மனசு பண்ணினார். "அறியாப் பையன், உடு" என்றார். முனையை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்றுக்குள் எறிந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, நஷ்டம் கேட்கவில்லை. என்னை மன்னித்தார்! அறையைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன், ஐயா. அந்த மன்னிப்பைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அந்த மாசமே பட்டறையிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கிணற்றில் நான் அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஒருமுறை பவானி ஆற்றுக்குப் போய் அடித்துப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் போனது, நான்தான் பாதியிலேயே கரையேறி வந்துவிட்டேன்.

ஊரில் கதை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. பண்ணாடி அதைச் சிரிப்பாக ஆக்கிவிட்டார். காரமடைத் தேருக்குப் போனால் அங்கே சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார். "நம்ம ரங்கன் பையன் இருக்கறானே, மீன்னு நெனச்சு என்ற மோட்டார் பைப்பையே அடிச்சவன்!" எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா பக்கத்தில் நின்றால் அவரும் சிரிக்க வேண்டும். முதலில் சிரித்தார். அப்புறம், "அவன் சின்னதுலயே அப்படித்தானுங்க" என்று சேர்த்துக்கொண்டார். சில வருசத்தில் டீக்கடையில் அவரே ஆரம்பித்துச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர் சொல்லும்போது விரால் தொடை கனம் ஆகியிருந்தது. நான் ஊருக்குப் போகிற சமயத்தில் காதில் விழும். ஏதாவது வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் பத்தாவது படித்தவர்கள் எல்லாரும் கருமத்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் கூடினோம். வாட்ஸ்அப் குரூப்பில் விடாமல் கூப்பிட்டார்கள் என்று நானும் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். செந்தில் இப்போது நிலத்தை மனைகளாகப் பிரித்து சைட் போட்டு விற்கிறான், மைக்கும் அவன் கையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் வித்தியாசமே பார்க்காமல் எல்லாரும் ஒரே கிணற்றில் குளித்தோம் என்று தொடங்கினான். என்னைக் கைகாட்டி, பைப் அடித்த கதையைச் சொன்னான். எங்கப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அப்படிப்பட்ட காலம் அது என்று முடித்தான். கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன். "செந்திலு, அடிச்சது நீ" என்றேன். நான் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நானா? இல்லப்பா, நீதான. உங்கப்பாவே சொன்னாரே" என்றான். தொழிலில் எத்தனையோ பொய் முகம் பார்த்தவன் நான். வேலையை வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்கிறவன் முகம் எனக்குத் தெரியும். இவன் முகத்தில் அது இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய் நின்றான். பிறகு என் தோளில் கைபோட்டு, இன்னும் அதையெல்லாம் வைத்துக்கொண்டு இருக்கிறாயா, வா ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றான். பொய் சொல்லியிருந்தால் அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன்.

அப்பா அப்போது கணபதியில் என் வீட்டில்தான் இருந்தார். நடை நின்றுபோய்க் கட்டிலோடு கிடந்தார். மறதி என்று நினைக்காதீர்கள். எந்த வருசம் எந்த எருதை எந்தச் சந்தையில் பிடித்தார்கள் என்பதுவரை சொல்வார். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அவரிடம் போய் நின்றேன். "அப்பா, அன்னைக்கு மோட்டார் ரூமுல அந்த முனை காந்தத்துல ஒட்டுச்சா, ஒட்டலையா? நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க" என்றேன். என் குரல் தெருவரை கேட்டிருக்கும். அவர் ஒருவர் சொன்னால் எனக்குப் போதும். ஊருக்கு வேண்டாம், செந்திலுக்கு வேண்டாம், எனக்கு மட்டும், அந்த அறைக்குள் மட்டும் சொன்னால் போதும்.

அவர் என் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். "இன்னுமா கண்ணு அதையே நெனச்சுட்டு இருக்கறே? நீ அடிச்சதுக்கு நான் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டுப்போட்டனே. முடிஞ்சுபோன விசியம்" என்றார்.

பயந்து சொல்லவில்லை. யாருக்குப் பயப்பட வேண்டும், பண்ணாடி செத்து எத்தனையோ வருசம் ஆயிற்று. எனக்கு ஆறுதல் சொல்கிறார். மகன் செய்த தப்பை ஒரு தகப்பன் எவ்வளவு அன்பாக மன்னிக்க முடியுமோ அவ்வளவு அன்பாகச் சொல்கிறார். "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த மழைக்கு அப்பா போய்விட்டார். மெக்கானிக் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். தோட்டத்தைச் சைட்டாகப் பிரித்து, கிணற்றை மண் கொட்டி மூடி, அதன்மேல் தார் ரோடு போட்டுவிட்டார்கள். எங்கள் வீடு நின்ற மூலையில் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. போகட்டும், அதற்கெல்லாம் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் அந்த முனை ஒட்டாமல் விழுந்ததை நினைவில் வைத்திருக்கிறவன் இப்போது நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால், அந்தப் பைப்பை அடித்தது நான்தான்.